கடற்கோட்டைக்கு மேல் பால்வீதி: இரவு வானத்துடன் ஒரு படம் எடுக்க எத்தனை நிபந்தனைகள்?

மகாராஷ்டிர மாநிலம் மால்வண் கடற்கரைக்கு எதிரே, அரபிக் கடலில் ஒரு பாறைத் தீவின் மீது நிற்கிறது சிந்துதுர்க் கோட்டை. அதன் மதில்களுக்கு மேல் பால்வீதி சாய்ந்து இறங்கும் காட்சியைக் கரையிலிருந்து படம்பிடிக்க ஆண்டில் சில வாரங்களுக்கு மேல் வாய்ப்பதில்லை. பருவமழை விலகியிருக்க வேண்டும். நிலவு உதிக்காமலோ மறைந்தோ இருக்க வேண்டும். விண்மீன்கள் உரிய திசையில் நிற்க வேண்டும். கடல் நீர் ஏறும் நேரத்தையும் அறிந்திருக்க வேண்டும். இவை அனைத்தையும் பல மாதங்களுக்கு முன்பே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். கணக்கில் அடங்காதது ஒன்றே: கரையில் மனிதர் ஏற்றும் விளக்கு.

கடலோர நினைவுச் சின்னங்களை விண்மீன்களுடன் சேர்த்துக் காட்டும் படங்கள் சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்படுகின்றன. அவை எவ்வாறு எடுக்கப்படுகின்றன, எவற்றை நம்பலாம், இத்தகைய காட்சி ஏன் அரிதாகி வருகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் சிந்துதுர்க்?

மராட்டிய மன்னர் சத்ரபதி சிவாஜி, குர்தே என்ற பாறைத் தீவில் இக்கோட்டையின் கட்டுமானத்தை 1664-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கினார். சுமார் 48 ஏக்கர் பரப்பில், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீள மதிலுடன் அமைந்த இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளுள் இதுவும் ஒன்று. தமிழகத்தின் செஞ்சிக் கோட்டையும் அதே பட்டியலில் இடம்பெற்றுள்ளது குறிப்பிடத்தக்கது.

இரவுப் படத்துக்கு இக்கோட்டை பொருத்தமாக அமைவதற்கு அதன் இருப்பிடமே காரணம். கோட்டை கடலுக்குள் இருப்பதால், பார்வையாளர் நேரம் முடிந்த பின்னரும் அதனைக் கரையில் நின்றே படம்பிடிக்கலாம். மால்வண் கரையிலிருந்து பார்த்தால் கோட்டை தென்மேற்குப் பக்கமாகத் தெரிகிறது. அதற்கு அப்பால் திறந்த கடல். பெருநகர விளக்குகள் ஏதும் அத்திசையில் இல்லை. பால்வீதியின் மிக ஒளிமிக்க பகுதி மாலையில் மேற்கு நோக்கிச் சாயும்போது செல்வதும் அதே திசைதான்.

பால்வீதி எப்போது, எங்கே?

நம் விண்மீன் மண்டலத்தின் மையம் பூமியிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வானத்தில் அது தனுசு ராசியில், விருச்சிகத்தின் வாலை ஒட்டி அமைந்திருக்கிறது. பஞ்சாங்கத்தில் மூலம் எனக் குறிக்கப்படும் விண்மீன் அதற்கு அருகில்தான் உள்ளது. விருச்சிகத்தின் செந்நிறக் கேட்டை விண்மீனை அடையாளம் காணத் தெரிந்தவர், அங்கிருந்து வாலின் வளைவைப் பின்தொடர்ந்தால் மையப் பகுதியை எளிதில் கண்டறியலாம்.

இந்தியாவிலிருந்து இப்பகுதி பிப்ரவரியில் விடியலுக்கு முன் தென்கிழக்கில் தோன்றத் தொடங்கும். விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிப்பதால், ஒரு மாதத்தில் 2 மணி நேர வேறுபாடு ஏற்படுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் இரவின் பெரும்பகுதியிலும் பால்வீதி வானில் இருக்கும். ஆனால் கொங்கண் கரையில் அவை மழை மாதங்கள். மேகம் விலகும் அக்டோபரில் அது மாலை வானுக்கு வந்துவிடுகிறது.

அக்டோபர் நடுவில் மால்வணில் மாலை 6.15 மணியளவில் சூரியன் மறைகிறது. அந்தி ஒளி முற்றிலும் நீங்க மேலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். இரவு 7.30 மணிக்குப் பால்வீதியின் மையம் தென்மேற்கில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் நிற்கும். 9 மணிக்கு அது 14 பாகைக்கு இறங்கிவிடும். 10 மணியைக் கடந்தவுடன் மறையும். நவம்பர் நடுவிலோ இருள் சூழும்போதே அது அடிவானத்தை நெருங்கியிருக்கும்.

கிழக்குக் கரையில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. ஒடிசாவின் கொணார்க், தமிழகத்தின் மாமல்லபுரம் ஆகிய இடங்களில் கடல் கிழக்கில் உள்ளதால், பால்வீதி கடலிலிருந்து எழும், கடலில் மறைவதில்லை. மார்ச் நடுவில் நள்ளிரவு ஒரு மணியளவில் மையப் பகுதி உதிக்கத் தொடங்கும். மேற்குக் கரைக்கு அக்டோபர் மாலை. கிழக்குக் கரைக்கு மார்ச், ஏப்ரல் மாதப் பின்னிரவு. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் கொண்டால் பயணத் திட்டத்தின் பாதி முடிந்துவிடும்.

நிலவும் கடலும்

முழுநிலவு நாளில் வானம் முழுவதும் ஒளி பரவி, பால்வீதி கண்ணுக்கே புலப்படாமல் போகும். ஆகவே அமாவாசையே சிறந்த நாள் என்பது பொதுவான அறிவுரை. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. மாலையில் படம் எடுப்போருக்குத் தேய்பிறைப் பஞ்சமிக்குப் பிந்தைய நாள்கள் அனைத்தும் ஏற்றவையே. அந்நாள்களில் நிலவு இரவு 9 மணிக்கு மேல்தான் உதிக்கத் தொடங்குகிறது. நாள்தோறும் மேலும் தாமதமாகிறது. அமாவாசைக்குப் பின் இரண்டு, மூன்று நாள்கள் வரையிலும் மெல்லிய பிறை விரைவில் மறைந்துவிடும் என்பதால் தடையில்லை.

அமாவாசையைத் தேர்வதில் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. சூரியனும் நிலவும் ஒரே நேர்கோட்டில் நின்று ஈர்க்கும் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டியே கடல் ஓதம் மிகுதியாக இருக்கும். நீர் ஏறும்போது மிக உயரமாக ஏறும். வடியும்போது வெகுதூரம் வடியும். கொங்கண் கரையில் அமாவாசையை ஒட்டிய நாள்களில் உயர் ஓதம் பெரும்பாலும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே வருகிறது. அதாவது மாலையில் நீர் வெகுதூரம் வடிந்திருக்க, ஈர மணலிலும் பாறைகளிலும் முக்காலியை ஊன்றி நிற்பவரை நோக்கி, இருளில், 7 மணி முதல் 10 மணி வரை கடல் தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும். கேமராவின் சிறு திரையில் கண் பதித்திருப்பவர் இதனைக் கவனிப்பது கடினம். பாறைத் திட்டு ஒன்றின் மீது நிற்பவருக்குத் திரும்பும் வழி நீரில் மூழ்கிவிடக்கூடும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கத்தின் அளவு குறைவு. அன்று நிலவு உதிக்க நள்ளிரவு ஆகிவிடும். வானம் இருண்டிருக்கும், கடலும் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். எந்த நாளைத் தேர்ந்தாலும், அந்த இடத்துக்குரிய ஓத அட்டவணையையும், ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் உயர் அலை எச்சரிக்கைகளையும் பார்த்த பிறகே கரைக்குச் செல்ல வேண்டும். தொலைவில் எழுந்த அலைகள் முன்னறிவிப்பின்றிக் கரையேறும் 'கள்ளக்கடல்' நிகழ்வு, தெளிந்த வானம் உள்ள நாளிலும் ஏற்படக்கூடியது.

ஐப்பசி அமாவாசையில் வரும் தீபாவளியும் கவனிக்கத்தக்கது. நிலவைப் பொறுத்தவரை அது மிக இருண்ட இரவு. ஆனால் பட்டாசுப் புகையும் அலங்கார விளக்குகளும் சேர்ந்து, அதனை விண்மீன் படத்துக்கு ஒவ்வாத இரவாக மாற்றிவிடுகின்றன. அதற்கு முந்தைய புரட்டாசி அமாவாசையை ஒட்டிய நாள்களில் வானம் தெளிந்திருந்தால் அவையே மேலானவை.

எத்தனை விநாடி திறந்து வைப்பது?

விண்மீன் ஒளி மிக மங்கலானது. எனவே கேமராவின் ஷட்டரைப் பல விநாடிகள் திறந்து வைக்க வேண்டும். ஆனால் பூமி சுழல்வதால் வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை வீதம் நகர்கிறது. அதிக நேரம் திறந்து வைத்தால், புள்ளியாகத் தெரிய வேண்டிய விண்மீன் சிறு கோடாக நீண்டுவிடும்.

இதற்கு ஒளிப்படக் கலைஞர்கள் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகின்றனர். 500 என்ற எண்ணை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது, தாங்கக்கூடிய விநாடிகளின் எண்ணிக்கை. 20 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 25 விநாடி. 50 மில்லிமீட்டர் என்றால் 10 விநாடி. இக்கணக்கு முழு அளவு உணரி கொண்ட கேமராக்களுக்கானது. சிறிய உணரி உள்ள கேமராக்களில் விடையை மேலும் 1.5-ஆல் வகுக்க வேண்டும். இன்றைய நுண்ணிய உணரிகளில் இந்த நேரத்தையும் சற்றுக் குறைத்துக்கொள்வதே நல்லது.

லென்ஸின் துளை எஃப் 2.8 அல்லது அதனினும் அகன்றதாகவும், ஐஎஸ்ஓ 1600 முதல் 6400 வரையிலும் வைத்துத் தொடங்கலாம். தானியங்கிக் குவியம் இருளில் இயங்காது என்பதால், ஒளிமிக்க ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். கோப்பை ரா வடிவத்தில் சேமித்தால் பின்னர் நிறத்தையும் ஒளியையும் திருத்த இடம் கிடைக்கும்.

மங்கலான ஒளியில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தோன்றும். ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து, மென்பொருளில் விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி கண்டால் அது குறையும். 4 படங்களைச் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும். 16 படங்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்காகும். கூகுள் நிறுவனம் 2019-இல் பிக்சல் 4 கைப்பேசியில் அறிமுகப்படுத்திய விண்மீன் படமுறையும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. அது அதிகபட்சம் 16 விநாடி கொண்ட 15 படங்கள் வரை, நான்கு நிமிடத்துக்குள் எடுத்துச் சேர்க்கிறது. கைப்பேசியாயினும் அசையாத முக்காலி இன்றியமையாதது.

கோட்டை ஏன் சிறுத்துத் தெரிகிறது?

முதன்முறை முயல்வோர் பலரும் மிக அகன்ற லென்ஸைப் பொருத்துகின்றனர். வானம் முழுவதும் படத்தில் அடங்குகிறது. நினைவுச் சின்னமோ காணாமல் போகிறது. சிந்துதுர்க்கின் மதில் சுமார் 30 அடி உயரம். அரை கிலோமீட்டர் தொலைவில் உள்ள கரையிலிருந்து பார்த்தால் அந்த மதில் வானத்தில் ஏறத்தாழ 1 பாகை உயரமே கொள்ளும். அதாவது இரண்டு முழுநிலவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அளவு. 14 மில்லிமீட்டர் லென்ஸில் கிடைமட்டமாக எடுத்த படத்தின் உயரம் சுமார் 80 பாகையை உள்ளடக்கும். அதில் கோட்டை ஒரு மெல்லிய கறுப்புக் கோடாக மட்டுமே தெரியும்.

ஆகவே 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பயன்படுத்தி, பக்கவாட்டில் பல படங்களை எடுத்து இணைப்பதே இங்குப் பொருந்தும். அவ்வாறு செய்ய, பால்வீதியின் மையம் போதிய அளவு தாழ்ந்து கோட்டைக்கு அருகில் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அது தாழத் தாழ, அதன் ஒளி கடல்மேல் நிற்கும் ஈரப்பதமும் உப்புத் துகளும் கலந்த காற்றை மேலும் மேலும் கடந்து வர வேண்டியிருக்கும். 30 பாகை உயரத்தில் உள்ளதைவிட 14 பாகையில் ஏறத்தாழ இருமடங்கு காற்றைக் கடக்கிறது. 8 மணிக்கும் 9 மணிக்கும் இடைப்பட்ட நேரமே இரண்டுக்கும் நடுவான வாய்ப்பு.

விண்மீன்கள் வட்டமாகச் சுழல்வது போன்ற படம் வேண்டுவோர் வேறு திசையைப் பார்க்க வேண்டும். அந்த வட்டங்களின் நடுப்புள்ளி வடக்கில், துருவ விண்மீனுக்கு அருகில் அமையும். துருவ விண்மீனின் உயரம் அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம் என்பதால், மால்வணில் அது அடிவானத்திலிருந்து 16 பாகை உயரத்தில்தான் இருக்கும். மால்வண் கரையிலிருந்து கோட்டையை நோக்கினால் துருவ விண்மீன் முதுகுப்புறத்தில் இருக்கும். கோட்டைக்குப் பின்னால் விண்மீன்கள் வட்டமிடாமல், கடலை நோக்கிச் சாய்ந்த கோடுகளாகவே இறங்கும்.

கடற்காற்றும் கருவிகளைச் சோதிக்கும். லென்ஸ் மீது உப்புப் படலமும் பனித்துளியும் படியும் என்பதால் சில படங்களுக்கு ஒருமுறை துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். திரும்பியவுடன் முக்காலியின் கால்களை நன்னீரில் கழுவுவது அவசியம். வழிக்குச் செந்நிற விளக்கைப் பயன்படுத்தினால் இருளுக்குப் பழகிய கண்கள் கூசாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள், எச்சங்கள் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், பொதுவாகச் சூரிய உதயம் முதல் மறைவு வரையே திறந்திருக்கும். அவற்றின் வளாகங்களில் ஒளிப்படம் எடுப்பதற்கான கட்டுப்பாடுகள் 2018-ஆம் ஆண்டு ஜூலையில் பெருமளவு தளர்த்தப்பட்டன. ஆயினும் வளாகத்துக்குள் முக்காலியையோ தனி விளக்குகளையோ பயன்படுத்தத் தொல்லியல் துறையின் முன் அனுமதி தேவை. 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 10 சின்னங்களைப் பார்வையிடும் நேரம் இரவு 9 மணி வரை நீட்டிக்கப்பட்டது. புவனேசுவரத்தின் ராஜராணி கோயிலும் விஜயபுராவின் கோல் கும்பஸும் அவற்றுள் அடங்கும். அவை ஒளியூட்டப்பட்ட சின்னத்தைக் காண்பதற்கான நேரமே அன்றி, விண்மீன்களைக் காண்பதற்கானது அன்று.

வளாகத்துக்கு வெளியே பொதுக் கடற்கரையில் நிற்பவருக்கு இந்தக் கட்டுப்பாடுகள் நேரடியாகப் பொருந்துவதில்லை. எனினும் கடலோரப் பாதுகாப்புக் கண்காணிப்பு இரவில் தீவிரமாக இருப்பதால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே தகவல் தெரிவிப்பது வீண் சிக்கலைத் தவிர்க்கும். சிந்துதுர்க்கைப் பொறுத்தவரை மற்றொன்றும் உண்டு: கோட்டைக்குள் இன்றும் சில குடும்பங்கள் வாழ்கின்றன. வலுவான டார்ச் விளக்கை மதில்மேல் பாய்ச்சிப் படத்துக்கு ஒளியூட்டுவது அவர்களுக்கும், இரவில் கடலுக்குச் செல்லும் மீனவர்களுக்கும் இடையூறு.

பகிரப்படும் படங்களை நம்பலாமா?

அந்தி ஒளியில் கோட்டையை ஒரு படமாகவும், அதே இடத்தில் நின்று பின்னர் வானத்தை மற்றொரு படமாகவும் எடுத்து இணைப்பது பரவலாக ஏற்கப்பட்ட முறை. அதனைப் படக்குறிப்பில் தெரிவித்துவிட்டால் குறையேதும் இல்லை. வேறோர் ஊரின் வானத்தை எடுத்து ஒரு சின்னத்தின் பின்னால் ஒட்டுவதும், செயற்கை நுண்ணறிவால் வானத்தை உருவாக்குவதும் வேறு வகை. அவற்றைச் சில கேள்விகளால் கண்டுகொள்ளலாம்.

சின்னத்துக்குப் பின்னால் உள்ள திசை எது? அம்மாதத்தில் பால்வீதி அங்கே வருமா? முழுநிலவும் செறிவான பால்வீதியும் ஒரே படத்தில் எவ்வாறு சேர்ந்தன? மழை மாதத்தில் கொங்கண் வானம் அவ்வளவு தெளிந்திருந்ததா? சுற்றிலும் விளக்குகள் எரியும்போது மங்கலான விண்மீன்கள் எப்படிப் பதிவாயின?

மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த வளைவு, கிழக்குப் பக்கமாக உள்ள கடலைப் பார்த்து நிற்கிறது. நகரின் பக்கமிருந்து பார்ப்பவருக்கு, கோடையின் பின்னிரவில் பால்வீதி அதன் பின்னால் எழுவது திசைக்கணக்கில் இயலும். ஆனால் பெருநகரின் ஒளி வெள்ளத்தில் அங்குக் கண்ணுக்குப் புலப்படுபவை ஒளிமிக்க சில விண்மீன்கள் மட்டுமே. திசை சரியாக இருக்கிறது, இருள் இல்லை. அந்த வளைவுக்குப் பின்னால் வண்ணமயமான பால்வீதியைக் காட்டும் படம் இணைக்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

இருள் எவ்வளவு விரைவாகக் குறைகிறது?

வானத்தின் இருளை 1 முதல் 9 வரை வகைப்படுத்தும் அளவுகோலை அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் போர்ட்டில் 2001-இல் வெளியிட்டார். 1 என்பது மாசற்ற இருள். 9 என்பது பெருநகர மையம். அகிலமெங்கும் 51,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை கண்ணால் கண்டு பதிவு செய்த தரவுகளை ஆய்ந்து, 'சயின்ஸ்' இதழில் 2023 ஜனவரியில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியானது. இரவு வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூடிவருவதாக அது கூறுகிறது. 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தை, அதே இடத்தில் 18 வயதை எட்டும்போது சுமார் 100 விண்மீன்களை மட்டுமே காணும் என்பது அந்த ஆய்வாளர்களின் கணக்கு.

கடற்கரைகளில் இதன் விளைவு ஒளிப்படத்தோடு நிற்பதில்லை. கொங்கண், ஒடிசா கரைகளில் ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. இரவில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சம் மிகுந்த அடிவானத்தை நோக்கி நகரும் இயல்பு கொண்டவை. இயற்கையான கரையில் அது கடலின் பக்கம். கரையில் வலுவான விளக்குகள் எரிந்தால் அவை நிலத்தை நோக்கித் திரும்பி, நீர்ச்சத்து இழந்தும் பிற உயிர்களுக்கு இரையாகியும் மடிகின்றன. பால்வீதியை மறைக்கும் அதே விளக்குதான் ஆமைக் குஞ்சையும் வழிதவறச் செய்கிறது.

கடலிலிருந்தும் ஒளி வருகிறது. வலுவான எல்இடி விளக்குகளால் மீன்களைக் கவர்ந்து பிடிக்கும் முறைக்கு மத்திய அரசு 2017-ஆம் ஆண்டு நவம்பரில் தடை விதித்தது. மீன் வளத்தைக் காப்பதே அத்தடையின் நோக்கம். அத்தகைய விளக்கு ஒன்று அடிவானத்தில் எரிந்தாலும், 20 விநாடி திறந்திருக்கும் கேமராவில் அது வானத்தின் ஒரு பகுதியையே வெளுக்கச் செய்துவிடும்.

திருத்த இயலுமா?

மற்ற மாசுகளைப் போலன்றி ஒளி மாசு, விளக்கை அணைத்த கணமே நீங்கிவிடும். லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல் நாட்டின் முதல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள இந்திய வானியல் ஆய்வகத்தைச் சுற்றிய கிராமங்களில், விளக்குகளுக்கு மறைப்பு இடுவது, சாளரங்களுக்குத் திரையிடுவது போன்ற எளிய முறைகள் பின்பற்றப்படுகின்றன. உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று, பார்வையாளர்களுக்கு வானத்தைக் காட்டி வருவாய் ஈட்டுகின்றனர். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகமும் 2024-இல் இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது.

கடலோர நகரம் ஒன்று முற்றிலும் இருளில் வாழ முடியாது. வாழ வேண்டியதும் இல்லை. விளக்கின் ஒளி மேல்நோக்கிச் சிதறாமல் தரையை மட்டும் அடையும்படி மூடி பொருத்துவது, வெண்ணீல ஒளிக்குப் பதிலாக மஞ்சள் சாயல் கொண்ட ஒளியைப் பயன்படுத்துவது, சின்னங்களின் அலங்கார விளக்குகளைக் குறித்த நேரத்தில் அணைப்பது, ஆமைகளின் காலத்தில் கடலை நோக்கிய விளக்குகளைத் திருப்புவது ஆகியவையே வல்லுநர்கள் பரிந்துரைக்கும் வழிகள். இவற்றுள் பெரும்பாலானவை மின் கட்டணத்தையும் குறைப்பவை.

மூன்றரை நூற்றாண்டுகளாகச் சிந்துதுர்க்கின் மதில்கள் அலைகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைச் சிதையாமல் காக்கச் சட்டமும் துறையும் உள்ளன. அம்மதில்களுக்கு மேல் உள்ள வானத்துக்கு அத்தகைய பாதுகாப்பு ஏதும் இல்லை. அக்டோபர் மாலையில் பால்வீதி தென்மேற்கில் இறங்குவது எவராலும் மாறப்போவதில்லை. மால்வண் கரையில் நிற்பவருக்கு அது தெரியுமா என்பது, கரையோர விளக்குகள் எந்தப் பக்கம் திருப்பப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அமையும்.